மல்லாரிக்கு மருந்து

மயிலங்கோட்டை ராஜா வீரபுயங்கருக்கு வீரமும் உண்டு, புயமும் உண்டு. இரண்டையும் விடப் பெரிதாக வயிறு உண்டு. அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் தலை போகும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல்லிப் பார்க்க யாருக்குத் தைரியம்?

அவரிடம் மல்லாரி என்றொரு வெள்ளைக் குதிரை இருந்தது. குதிரை வளர்த்து விற்கும் காசிம் ராவுத்தர் அதைக் குட்டியிலிருந்தே தன் கையால் தீனி ஊட்டி வளர்த்தார். மேளத்துக்குக் கால் மாற்றி ஆடவும் பழக்கி ராஜாவுக்கு விற்றார். தவில் முழங்கினால் போதும், கழுத்தை வளைத்து, முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடும். பார்க்கிறவர்களுக்கும் கால் தானாக ஆடும்.

தேர்த் திருவிழாவுக்குப் பக்கத்து நாட்டு ராஜா வருவதாக ஓலை வந்தது.

"மல்லாரி ஆடிக்கொண்டே போக, அதன்மேல் உட்கார்ந்து அவரை வரவேற்கப் போகிறேன்!" என்றார் வீரபுயங்கர்.

ஒத்திகை நடந்தது. ராஜா ஏணி வைத்து ஏறினார். தவில் முழங்கியது. மல்லாரி ஓரடி வைத்தது. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு நாய் மாதிரி பின்பக்கத்தைத் தரையில் வைத்து உட்கார்ந்துவிட்டது. ராஜா முதுகில் வழுக்கி, வால் வழியாக இறங்கி, புழுதியில் அமர்ந்தார்.

"ஆகா, மகாராஜா இறங்குவதற்கு எவ்வளவு மரியாதையாக வழிவிடுகிறது!" என்றார் ஒரு மந்திரி.

மறுநாள் ராஜா தூரத்தில் வருவதைப் பார்த்ததுமே மல்லாரி படுத்துக்கொண்டது.

லாயத்து அதிகாரி வரகுணனுக்கு உள்ளுக்குள் குதூகலம். அவனுடைய மச்சினனிடம் விற்க முடியாத குதிரை ஒன்று கிடந்தது.

"மகாராஜா, இது சுழி கெட்ட குதிரை. ராவுத்தர் உங்களை ஏமாற்றிவிட்டார். இதைச் செக்கில் கட்டிவிடலாம். நல்ல குதிரை எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்" என்றான்.

ராவுத்தரை அழைத்து வந்தார்கள். ராஜாவின் மீசை துடித்தது.

"ஒரு மண்டலம் தவணை தருகிறேன். திருவிழாவன்று மல்லாரி என்னைச் சுமந்து ஆட வேண்டும். இல்லாவிட்டால் உம் குதிரைகள் எல்லாம் என் லாயத்துக்கு வரும். நீர் எல்லைக்கு அப்பால் போவீர்!"

ராவுத்தர் கைகூப்பினார். அவரிடம் ஏழு குதிரைகள் சினையாக நிற்கிற நேரம். "மகாராஜா, குதிரைக்கு ஒரு குறையும் இல்லை. பெரியவர்கள் சொல்வார்களே, இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக்..."

பக்கத்தில் நின்றவன் அவர் காலை நறுக்கென்று மிதித்தான்.

"ஆ!" என்றார் ராவுத்தர்.

மிதித்தவன் திருமேனி. அரண்மனையில் பஞ்சாங்கம் வாசிப்பது அவன் வேலை. மற்ற நேரத்தில் பிறரைக் காப்பாற்றுவது.

"மகாராஜா, இந்த நோயை நான் குணமாக்குகிறேன்" என்றான்.

"உனக்குக் குதிரை வைத்தியம் தெரியுமா?"

"தெரியாது. இந்த நோய் தெரியும். தவறினால் எனக்கு மொட்டை போட்டு, கழுதைமேல் ஏற்றி அனுப்புங்கள்."

"சரி. என்ன மருந்து?"

"மருந்து குதிரைக்காரர் கையில் பலிக்காது, உடையவர் கையில்தான் பலிக்கும். விடிந்ததும் தாங்களே கடிவாளத்தைப் பிடித்து, மல்லாரியைக் கழுகுமலைச் சுனைவரை நடத்திக்கொண்டு போய் வர வேண்டும். ஏறக் கூடாது. இன்னொன்று, அதற்கு மூக்கு ரொம்பக் கூர்மை. தங்கள் மேல் நெய் வாசனை வந்தால் அதற்கு வயிறு உப்பிவிடும். அதனால் அது தின்கிற கொள்ளையே கஞ்சியாக்கித் தாங்களும் குடிக்க வேண்டும்."

"நானா? கொள்ளா?"

"பக்கத்து நாட்டு ராஜா வருகிறார், மகாராஜா."

வேறு வழி? ராஜா நடந்தார். முதல்நாள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். குதிரை நின்று அவரை இரக்கத்தோடு பார்த்தது. மூன்றாம் நாள் தலைப்பாகைக்குள் ஓர் அதிரசத்தை ஒளித்து எடுத்துப் போனார். மல்லாரி மோந்து பார்த்தது. தலைப்பாகையைக் கவ்வி இழுத்தது. அதிரசத்தை ராஜாவின் கண்ணெதிரே மென்று விழுங்கியது.

"பார்த்தீர்களா, நோய் முற்றுகிறது! நாளை முதல் சுனையை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும்" என்றான் திருமேனி.

மண்டலம் முடிந்தது. ராஜாவின் இடைக்கச்சை இரண்டு சுற்றுக் கூடுதலாக வந்தது. திருவிழாவன்று ஏணி இல்லாமல் தாவி ஏறினார். தவில் முழங்கியது. ராவுத்தர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கூட்டத்தின் ஆரவாரம் கேட்டுத்தான் திறந்தார். மல்லாரி ஆடிக்கொண்டிருந்தது! பக்கத்து நாட்டு ராஜா, வாயில் போட்ட வெற்றிலையை மெல்லவும் மறந்து நின்றார்.

வரகுணனுக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலையே சபையில் எழுந்தான்.

"மகாராஜா, இது மோசடி! மண்டலம் முழுக்க நான் கவனித்தேன். இவன் குதிரைக்கு ஒரு சொட்டு மருந்துகூடக் கொடுக்கவில்லை!"

ராஜா புருவத்தை நெரித்தார். "உண்மையா திருமேனி? குதிரைக்கு என்ன கொடுத்தாய்?"

"ஒன்றும் கொடுக்கவில்லை, மகாராஜா."

வரகுணன் முகம் மலர்ந்தது. திருமேனியோ நிதானமாகத் தொடர்ந்தான்.

"குதிரைக்கு உள்ளே நோய் இருந்தால்தானே கொடுப்பதற்கு? நோய் குதிரைக்கு மேலே இருந்தது. அதைக் கொஞ்சம் குறைத்தேன். அவ்வளவுதான்."

ராஜா மேலே பார்த்தார். கீழே பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் நீர் வரும்வரை நிறுத்தவில்லை. திருமேனிக்கு முத்துமாலை, ராவுத்தருக்குச் சினைக் குதிரைகள் மேய நல்ல புல்வெளி ஒன்று. வரகுணனை லாயத்துச் சாணம் அள்ள அனுப்பினார்.

ராவுத்தரும் அன்றோடு வியாபார முறையை மாற்றிக்கொண்டார். யாராவது குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியைத் தடவிப் பார்த்து, விலை கேட்டால் அவர் அவசரப்படமாட்டார்.

"நீங்கள் குதிரையைப் பார்த்தாயிற்றல்லவா? கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். அதுவும் உங்களைப் பார்க்கட்டும்!" என்பார்.