மாமனார் வந்த நேரம்

உதயசேன மகாராஜாவின் அவையில் வேடிக்கையாகப் பேசியே பெயர் வாங்கியவர் சாத்தப்பன். அன்று அவர் முகத்தில் ஈயாடவில்லை. அரண்மனை வைத்தியர் பரஞ்சோதி அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, வயிற்றில் கட்டி வளர்வதாகச் சொல்லிவிட்டார். நாளை முதல் ஆயுள் முழுக்க வேப்பங்கஷாயம். உப்பு, புளி கிடையாது.

"எனக்கு ஒரு வலியும் இல்லையே, வைத்தியரே."

"வலி வருமுன் கண்டுபிடிப்பதுதான் என் வித்தை" என்ற வைத்தியர், மகாராஜா பக்கம் திரும்பினார். "வலி கண்டபின் என்னிடம் வந்தவர்கள் அதன்பின் இரண்டு வருடம்தான் இருந்தார்கள். நாடியில் நானே கண்டுபிடித்தவர்கள் ஐந்து வருடம் இருந்தார்கள். மூன்று வருடம் லாபம். நாடு முழுக்க நாடி பார்க்க உத்தரவு போடுங்கள்."

மகாராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றினார்.

"ஒரு நாள் பொறுங்கள், மகாராஜா" என்றார் சாத்தப்பன். "நாளை உங்கள் மாமனார் வருகிறாரே. வாசல்காரன் சேதி சொன்ன கையோடு அவர் உள்ளே வந்து, தாம் கட்டிய பாட்டுகளைப் பாட ஆரம்பித்துவிடுகிறார். சேதி வந்து நான்கு நாழிகை கழித்தே அவர் வரும்படி செய்கிறேன்."

"அதை முதலில் செய். கஷாயம் நாளை மறுநாள் குடிக்கலாம்."

மறுநாள் கொம்பு ஒலித்தது. மாமனார் வருகிறார் என்று சேதி. வாசலில் யாரும் இல்லை. மகாராஜா நிம்மதியாகச் சொக்கட்டான் ஆடினார். நான்கு நாழிகை கழிந்து சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். மாமனார் நுழைந்தார்.

மகாராஜா முகம் சிவந்தது. "எப்போதும் இலை போடும் நேரத்துக்குத்தானே வருவார். இன்றும் அதே நேரம்தானே. என்னய்யா செய்தாய்?"

"குன்றின்மேல் ஓர் ஆளை நிறுத்தினேன். பல்லக்கு தூரத்தில் தெரிந்ததுமே ஊதிவிட்டான். சேதிக்கும் வருகைக்கும் நடுவே நான்கு நாழிகை. சாவு அதே நாளில் வந்தாலும், கட்டியை முன்னமே கண்டுவிட்டால் லாபம் என்கிறாரே வைத்தியர். அவர் கணக்கில் இதுவும் லாபம்தானே?"

மகாராஜா வைத்தியரைப் பார்த்தார்.

"அப்படியானால் இவர் வைத்தியம் பலிக்கிறதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?"

"சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாதி ஊர்களில் நாடி பார்க்கட்டும். மீதியை விட்டுவிடுங்கள். பத்து வருடம் கழித்து, எந்தப் பக்கம் கட்டியால் அதிகம் பேர் செத்தார்கள் என்று எண்ணுங்கள். எப்போது கண்டுபிடித்தார்கள் என்ற பேச்சே வேண்டாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மகாராஜா.

வைத்தியர் விடவில்லை; கொண்டுவந்திருந்த கஷாயக் குடத்தை முன்னே எடுத்து வைத்தார். "அதுவரை சாத்தப்பன் கஷாயம் குடிக்கட்டும்."

"உங்கள் நாடியை நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா?" என்று கேட்டார் சாத்தப்பன்.

"எதற்கு? நான் நன்றாகத்தானே இருக்கிறேன்."

"முந்தாநாள் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்."

மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்து, கஷாயக் குடத்தை வைத்தியர் பக்கம் நகர்த்தி வைக்கச் சொன்னார்.