பச்சைப் பாயை இழுத்துப் போட்ட எருமை

தென்னந்தோப்புக் குளத்தில் மயிலி என்ற எருமை கழுத்தளவு நீரில் சொகுசாகக் கிடந்தது. குளம் முழுக்க ஆகாயத்தாமரை பாய் விரித்தாற்போல மிதந்தது. அந்தக் குளிர்ச்சியில் மயிலிக்கு உலகமே மறந்துபோகும்.

ஒருநாள் ஒரு கொசு அதன் கொம்பில் வந்து அமர்ந்தது.

"மகாராணி! இந்தச் செடிகளை மட்டும் தொட்டுவிடாதீர்கள். பதிலுக்கு எங்கள் கூட்டம் உங்களைக் கடிக்காது!"

"அவ்வளவுதானே? சரி!" என்றது மயிலி.

கொசுவின் உடலுக்குள் நூல் போன்ற ஒரு புழு இருந்தது. அது கெக்கலித்துச் சிரித்தது.

"எனக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. ஆனாலும் ஊரில் நான் நுழையாத வீடு உண்டா? ஒருவர் இரத்தத்தில் ஏறுவேன், இன்னொருவர் இரத்தத்தில் இறங்குவேன். கொசுவே, நீ சுமக்கும்போது எனக்கென்ன குறை!"

மயிலிக்கு இது நன்றாகவே கேட்டது. மனிதர் பாடு மனிதருக்கு என்று அசைபோட்டுக்கொண்டே இருந்துவிட்டது.

கெண்டை மீன்தான் தவித்தது.

"அக்கா! மற்றக் கொசுக்குஞ்சுகள் மூச்சுவிட மேலே வரும், பிடித்துத் தின்பேன். இந்தக் கொசுவின் குஞ்சுகளோ ஆகாயத்தாமரை வேரைக் குத்தி அதிலேயே மூச்சுவிடுகின்றன! வேர்ச் சிக்கலுக்குள் என் வாய் போகவில்லை. நீ இதை இழுத்துப் போடேன்!"

"போடி! நான் வெயிலில் காயவா?"

மழைக்காலங்கள் வந்து போயின. ஒரு காலையில் பால் கறக்கும் பேச்சி வரவில்லை. மயிலிக்கு மடி கனத்து வலித்தது. பேச்சியின் மகள் செண்பகம் செம்போடு கரையில் நின்ற மயிலியிடம் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல், மயிலி. யானைக்கால் நோயாம். கால் வீங்கி, எழுந்திரிக்கவே முடியல."

சொல்லிக்கொண்டிருந்தவளின் காலில் அந்தக் கூட்டத்துக் கொசு ஒன்று மெல்ல இறங்கியது. மயிலிக்கு அன்று புழு சிரித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. அடுத்தது இந்தப் பிள்ளையா! தன் சொகுசால் வந்த வினையை எண்ணி வெட்கப்பட்டது. வாலைச் சுழற்றி ஓங்கி ஓர் அடி!

"மகாராணி! நம் ஒப்பந்தம்!" என்று அலறிப் பறந்தது கொசு.

"உன் ஒப்பந்தத்தைக் குப்பையில் போடு!"

மயிலி குளத்தில் பாய்ந்தது. செடிகளைக் கொம்பில் கொத்துக் கொத்தாக மாட்டிக் கரைக்கு இழுத்தது. மூச்சு வாங்கியும் இழுப்பதை நிறுத்தவில்லை. பொழுது சாய்வதற்குள் பச்சைப் பாய் முழுவதும் கரையில் கிடந்து வதங்கியது. வேரைப் பறிகொடுத்த கொசுக்குஞ்சுகள் மூச்சுக்காகத் திணறி மேலே வந்தன.

"வாங்க, வாங்க!" என்று கெண்டை தன் சொந்தபந்தங்களோடு விருந்து கொண்டாடியது.

மிஞ்சிய கொசுக்களுக்கு முட்டையிட இடமில்லை. சுமக்க ஆளில்லாமல் புழுவின் பயணமும் நின்றது. பேச்சி நர்ஸம்மா கொடுத்த மாத்திரையை விழுங்கினாள், காலைத் தினமும் கழுவித் துடைத்தாள். வீக்கம் முழுதாக வடியவில்லை. ஆனால் எழுந்து நடந்து மயிலியைக் கறக்க வந்துவிட்டாள். செண்பகம் கரையில் துள்ளி ஓடினாள். நிழலில்லாத குளத்தில் முதுகு சுட, மயிலி தலை நிமிர்ந்து நின்றது.

தன் சுகத்துக்காகத் தீமைக்கு இடம் கொடுப்பவர் அதற்குத் துணைபோனவரே. அந்த இடத்தை அவரே பறித்துவிட்டால் தீமை நிலைக்காது.