ஒரு கேடயமும் இரண்டு கோப்புகளும்

தீர்ப்புச் சொல்லப் பிடிக்கும் என்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் பிரிசில்லாவே இரண்டு நாள் திணறிப்போனாள்.

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் பிரிசில்லா பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களை மறுபடி நிற்கவும் நடக்கவும் வைப்பது அவள் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை அங்கே தேறியவர்களுக்கு விழா நடக்கும். ஒருவருக்குக் கேடயம் உண்டு. யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். கேடயத்தில் ஒரே வரி பொறித்திருந்தது: ‘பக்கவாதம் பறித்துக்கொண்டதில் அதிகத்தை மீட்டவருக்கு.’

அந்த ஆண்டு மேசையில் இரண்டு கோப்புகள் எஞ்சின.

முதலாவது காஜா முகைதீனுடையது. வயது நாற்பத்தொன்று, டூவீலர் மெக்கானிக். ஞாயிறுதோறும் மைதானத்தில் கால்பந்து ஆடுகிறவர். கடையில் ஸ்பானரோடு குனிந்தவருக்கு வலது கை, கால் இரண்டும் விழுந்துவிட்டன. ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டாயிற்று. மூன்றாம் நாள் எழுந்து நடந்தார். ஆறாவது வாரம் மாடிப்படியைப் பிடிமானமில்லாமல் ஏறிக் காட்டியபோது வார்டே கைதட்டியது. பேச்சில் துளிக் குழறல் இல்லை. கடையைத் திறந்துவிட்டார். சின்ன நட்டு மட்டும் விரலுக்குப் பிடிபடுவதில்லை. கார்புரேட்டரைக் கழற்ற மச்சானைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பந்தைத் துரத்திப் பழையபடி ஆட முடியாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டுக்கு வெளியே நின்று விசில் ஊதுகிறார்.

இரண்டாவது கோப்பு சௌந்தரவல்லியுடையது. வயது எண்பத்து நான்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருடம் ஆபரேட்டராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாக இருந்தார், தானே சமைத்தார். முழங்கால் தேய்ந்து, எட்டு வருடமாகக் கைத்தடி. தெருமுனைப் பால் பூத்துக்குப் போய் வருவதுதான் அவருடைய உலக சஞ்சாரம். ஆனால் காலை ஆறரை ஆனால் போனை எடுத்துவிடுவார். தன்னைப்போலத் தனியாக இருக்கும் பத்துப் பேருக்கு வரிசையாக அடிப்பார். “சௌந்தரம் பேசுதேன். எந்திரிச்சாச்சா?” என்பார். பதில் வந்ததும் அடுத்த எண்.

ஒருநாள் மூன்றாவது அழைப்பில் அந்தக் குரல் குழைந்து, அறுந்து போயிற்று. மறுமுனையில் இருந்த அலமேலு கடிகாரத்தைப் பார்த்தார்: ஆறு முப்பத்தெட்டு. தன் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிச் சௌந்தரவல்லி வீட்டுக்கு ஓடவைத்தார்.

மருத்துவமனையில் சௌந்தரவல்லியின் அக்கா மகன் சிதம்பரம் கையெழுத்துப் போடத் தயங்கினார். “ஊசியால ரத்தக்கசிவு வரலாம்னு நீங்களே சொல்லுதீங்க டாக்டர். இந்த வயசுக்கு மேல சித்தியை எதுக்குப் பாடுபடுத்தணும்?”

டாக்டர் இளங்கண்ணன் கேட்டார்: “நேத்து வரைக்கும் அவங்க வேலையை யார் பாத்தா?”

“அவங்கதான். எங்களை ஒண்ணும் தொடவிட மாட்டாங்க.”

“எப்போ வந்ததுன்னு நிமிஷம் வரைக்கும் தெரியுது. இன்னும் நேரம் இருக்கு. போட்டுப் பாப்போம்.”

சிதம்பரம் கையெழுத்துப் போட்டார். ஊசி உள்ளே போனபோது மணி எட்டரை.

மூன்றாம் நாள் சௌந்தரவல்லி நடக்கவில்லை. மூன்றாம் வாரமும் நடக்கவில்லை, பேச்சும் வரவில்லை. வயதான மூளை தேற நாளாகும் என்று பிரிசில்லாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு சாயங்காலம் அவளுக்கே நம்பிக்கை விட்டுப்போயிற்று. ஐந்தாம் வாரம், பயிற்சிக்காகக் காதில் ரிசீவரை வைத்தபோது, கிழவி தெளிவாக “ஹலோ” என்றார். பிரிசில்லா அன்று மத்தியானம் சாப்பிடவே மறந்துபோனாள்.

அதிலிருந்து தினம் ஒரு அழைப்பு. மூன்று வார்த்தை சொல்லி முடிக்க நாலு நிமிஷம் ஆகும். எதிரில் இருப்பவர்கள் போனை வைக்காமல் காத்திருந்தார்கள். நாலாம் மாதம் எழுந்து நின்றார். எட்டாம் மாதம் வீட்டில் தானே உலை வைத்தார். பதினோராம் மாதம் கைத்தடியோடு பால் பூத்துக்குப் போய்ப் பையோடு திரும்பினார். அந்த வாரமே ஒரு காலையில் பத்துப் பேரையும் பழையபடி அழைத்துப் பேசி முடித்தார்.

விழாவுக்கு முன்பு டாக்டர் இளங்கண்ணன் மதிப்பெண் தாளைக் காட்டினார். நடை, வேகம், கைப்பிடி, பேச்சு எல்லாம் சேர்த்து நூற்றுக்குக் காஜாவுக்குத் தொண்ணூற்று நான்கு, சௌந்தரவல்லிக்கு ஐம்பத்தெட்டு.

“இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? ஒருத்தர் படியேறி ஓடுதாரு. இவங்க இன்னும் தடியை விடலை.”

பிரிசில்லா தாளைப் பார்த்தாள், கேடயத்தின் வரியைப் பார்த்தாள், பேனாவை மூடி வைத்தாள்.

டாக்டரின் கணக்கு பொய்யில்லை. அவள் தயக்கமும் வீண் இல்லை. நீங்கள் சொல்லுங்கள்: அந்தக் கேடயம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: சௌந்தரவல்லிக்கு. மதிப்பெண் தாள் இருவரையும் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டது. கேடயத்தின் வரியோ ஒவ்வொருவரையும் அவரவர் பழைய வாழ்க்கையோடு ஒப்பிடச் சொன்னது. காஜா வேகமாகத் தேறினார். இளம் வயதில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் பந்தும் கார்புரேட்டரும் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. கைத்தடியைக் கொடுத்தது முழங்கால், பக்கவாதம் அல்ல. பக்கவாதம் எடுத்துக்கொண்ட அடுப்பையும், பால் பூத்தையும், பத்துக் குரல்களையும் சௌந்தரவல்லி ஒன்று விடாமல் திரும்ப வாங்கிவிட்டார். வயது அவரிடம் அதிக மாதங்களைக் கேட்டது, அவ்வளவுதான். பிரிசில்லா இதை மேடையில் சொன்னதும் முதலில் எழுந்து நின்றவர் காஜா. கேடயம் கனமாக இருந்தது. “தம்பி, இதை ஆட்டோ வரைக்கும் தூக்கிட்டு வாரீங்களா?” என்றார் சௌந்தரவல்லி. “குடுங்கம்மா” என்று வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, கூட்டம் விலகி வழிவிட, காஜா அவருக்கு முன்னால் நடந்தார்.