சட்டைப் பையில் கத்தரிக்காய்

மாஸ்டர் பாக்கியநாதனுக்குத் தாடியும் கிடையாது, ஆசிரமமும் கிடையாது. கல்யாண வரவேற்புகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் அடுத்தவர் மனசைப் படித்துக் காட்டுவது அவர் தொழில். சிரிக்கச் சிரிக்கப் படிப்பார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு சீடர். ஞானப்பிரகாசம். தபால் துறையில் ஓய்வு பெற்றவர், குருவைவிட வயதில் மூத்தவர். அதனால் குரு சீடரை "சார்" என்பார்.

மாஸ்டரின் வித்தை இதுதான். மேடையில் ஒரு கூடை. அதில் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பாகற்காய், முருங்கைக்காய். "ஒண்ணை மனசுல நினைங்க. நினைச்சாச்சா? படிச்சுட்டேன். இப்ப வாய்விட்டுச் சொல்லுங்க."

கத்தரிக்காய் என்றால் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தரிக்காய் வரும். உருளைக்கிழங்கு என்றால் டிபன் கேரியரிலிருந்து. பாகற்காய் என்றால், குடையை விரித்ததும் அவர் தலையிலேயே விழும். முருங்கைக்காய் என்றால் திரும்பி முதுகைக் காட்டுவார். பெல்ட்டில் வாள் மாதிரி செருகியிருக்கும்.

நாலு இடத்திலும் நாலு காய் முதலிலிருந்தே இருக்கும். தான் கேட்டது கிடைத்த பிறகு, மற்ற இடங்களைத் தேடிப் பார்க்க யாருக்குத் தோன்றுகிறது?

ஒரு நாள் காலை ஞானப்பிரகாசம் வந்து வாசலிலேயே நின்றார்.

"வித்தையை விட்டுடறேன் மாஸ்டர்."

"ஏன் சார்?"

"ஞாயித்துக்கிழமை பங்குக் கோயில் மண்டபத்துல மானம் போச்சு. ஒரு அம்மா பாகற்காய்னு சொல்லிச்சு. குடையை விரிச்சேன்."

"விழலையா?"

"வச்சாத்தானே விழும்? நான் கொண்டுபோனது கத்தரிக்காய் மட்டும்தான்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

"ரெஜினா இருந்தவரைக்கும் அதுவே போதும்னு இருந்துச்சு" என்றார் ஞானப்பிரகாசம்.

ரெஜினா அவர் மனைவி. போன தவக்காலத்தில் தவறிப்போனவள். அவளை எதிரே உட்காரவைத்துத்தான் வீட்டில் பயிற்சி. அடுப்பில் குழம்பு கொதித்தாலும் கூப்பிட்டால் வந்து உட்கார வேண்டும்.

"நீ என்ன நினைச்சேன்னு கேட்டா, கத்தரிக்காய்ம்பா. மறுநாளும் கத்தரிக்காய். போகப்போக மத்த மூணையும் வைக்கிறதையே விட்டுட்டேன். அவ மனசு எனக்கு அவ்வளவு அத்துப்படி. இப்ப வெளியாள் மனசு ஒண்ணும் புரியமாட்டேங்குது. அதைப் படிக்கத்தான் நீங்க எனக்குச் சொல்லித் தரலை."

"அம்மாவுக்குக் கத்தரிக்காய்னா உசுரோ?"

"வாயிலயே வைக்கமாட்டா. நாக்கு அரிக்கும்பா. எனக்காகச் சமைப்பா."

"முதல் நாள்லேருந்தே அதைத்தான் சொன்னாங்களா?"

"முதல் நாள் ஏதோ உளறினா. முருங்கைக்காய்னா. திரும்பினேன், அது பெல்ட்டுல சிக்கி முறிஞ்சுபோச்சு. உடனே ஒரு சிரிப்பு. எனக்கு வந்துச்சே கோபம்! ஒழுங்கா நினைக்கக்கூடத் தெரியாதாடி உனக்குன்னு ஒரு சத்தம் போட்டேன். அதுக்கப்புறம் சரியாயிட்டா."

மாஸ்டர் எழுந்து போய் ஒரு கத்தரிக்காயைக் கொண்டுவந்தார்.

"பையில வைங்க சார்."

வைத்துக்கொண்டார். மாஸ்டர் அவரைத் தோளைப் பிடித்து பீரோக் கண்ணாடியின் முன்னால் நிறுத்தினார்.

"வீட்டுல கேட்கிற மாதிரியே கேளுங்க."

"ஒண்ணை மனசுல நினை..." என்று ஆரம்பித்த ஞானப்பிரகாசம் நிறுத்திக்கொண்டார்.

வெள்ளைச் சட்டை. துவைத்துத் துவைத்து மெலிந்த துணி. பை புடைத்திருந்தது. துணிக்கு அடியில் ஊதா நிறம் தெரிந்தது. பைக்கு மேலே காம்பு எட்டிப் பார்த்தது.

"மேடையில கோட்டு போட்டுக்குவேன் மாஸ்டர்."

"வீட்டுல?"

வீட்டில் பெண்டாட்டி முன்னால் கோட்டு போட்டுக்கொண்டு எந்த ஆம்பளை நிற்கிறான்? ஞானப்பிரகாசம் கையால் பையை மூடிக்கொண்டார். மூடி இப்போது என்ன பயன்?

"நான் எடுத்துக் காட்டினதும் கை தட்டுவா மாஸ்டர். வாயைப் பொளந்துக்கிட்டு. ஒவ்வொரு தடவையும். எப்படிங்க கண்டுபிடிச்சீங்கன்னு கேட்பா."

மாஸ்டர் குடைக்கம்பி ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"நான் பதில் சொல்லமாட்டேன். தொழில் ரகசியம்னுடுவேன்."

தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். ஞானப்பிரகாசம் பையிலிருந்த கத்தரிக்காயை வெளியே எடுத்தார்.

"அவ மனசுல நெசமா இருந்ததை ஒரு தடவையாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே மாஸ்டர்."

"சொன்னாங்களே சார்" என்றார் மாஸ்டர். "முருங்கைக்காய்."