பிச்சம்மா கல்லு

கடலோரமா ஒரு பட்டணம் இருந்துச்சாம், அதுல மாடத்தின்னு ஒருத்தி உப்பு வித்துப் பொழைச்சாளாம். அவளுக்கு ஒரே மவ, பிச்சம்மா. வாயும் வயிறுமா இருக்கும்போதே செத்துப்போனா, பாவி மவ. அப்படிப் போனவளுக்கு அந்த ஊர்ல சுமைதாங்கி நடுவாங்க. ரெண்டு கல்ல நிறுத்தி, மேல ஒரு கல்லு. அவ எறக்காமப் போன சுமைக்கு, போறவங்க வாறவங்க தலைச்சுமைய எறக்கி வச்சா அவ மனசு குளிரும்னு. மாடத்தி தெனமும் உப்புக்கூடைய அதுல எறக்கி வச்சு, "வந்துட்டேன்டி பிச்சம்மா"ம்பா.

ஒருநா வந்து பாக்கா, கல்லக் காணோம்! வெறுங்குழி கெடக்கு. அடுத்த தெருவுக்கு ஓடுனா, அங்கயும் குழி. அதுக்கடுத்த தெருவுக்கு ஓடுனா, அங்கயும் குழி. "எம்மவளத் தோண்டி எடுத்துட்டாங்களே"ன்னு அலறிக்கிட்டு அரமனைக்கு ஓடுனா. அங்க என்னன்னா, ராசா தன் ஆத்தா பேருக்கு மண்டபம் கட்டுறான், அத்தனை கல்லும் படிக்கட்டாக் கெடக்கு, செருப்புக்காலோட பிச்சம்மா மேல நிக்கான்! மாடத்தி ஓடிப்போயி அவன் காலப் புடிச்சா.

"ராசா... அது எம்மவ. கால எடுங்க."

"கல்லுதானே கெழவி! கண்டவளுக்கெல்லாம் எதுக்குக் கல்லு? எங்க ஆத்தா ஒருத்திக்கு இருந்தாப் போதும்."

கேட்டியளா அநியாயத்த!

மண்டபம் தெறக்குற நாளும் வந்துச்சு. பெத்தவளுக்குப் பிள்ளைதான் கடல்லருந்து தீர்த்தக்குடம் சுமக்கணும். தரையில வைக்கக்கூடாது, வேற ஆளு தொடக்கூடாது, சுமைதாங்கியில மட்டும் எறக்கலாம், அதான் வழக்கம். ராசாவாச்சே, சின்னக் குடமா எடுப்பான்? அண்டா மாதிரி ஒண்ண எடுத்தான். மொதத் தெருவுல கழுத்து வலிச்சுது, கல்லத் தேடுனான், குழி. ரெண்டாந் தெருவுல கண்ணு இருட்டுச்சு, அங்கயும் குழி. மூணாவது பிச்சம்மா தெரு, முழங்காலு மடங்குது, ஊரே கும்புட்டுக்கிட்டு நிக்கி, ஒருத்தரும் கிட்ட வரல. மாடத்தி அங்க நிக்கா.

"ஆத்தா, எறக்கி விடேன், உசுரு போகுது!"

"நான் தொடக்கூடாதே ராசா. எம்மவ இருந்தா தாங்கியிருப்பா."

சொல்லி வாய் மூடல, குழிக்குள்ள தொபுக்குன்னு விழுந்தான், குடம் கவுந்து தீர்த்தம் பூரா பிச்சம்மா குழிக்குள்ள போயிருச்சு. ஊரு பதறிப்போயி நின்னுச்சு. ராசா எந்திரிச்சுக் குழியப் பாத்தான், மாடத்தியப் பாத்தான், சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

அப்புறமென்ன, படியப் பேத்து, ஒவ்வொரு கல்லா அவனே தலையில சுமந்துட்டு வந்து, ஒவ்வொரு தெருவா நட்டான். படியில்லாத மண்டபத்துல ஏறத்தான் ஆளில்ல. எவ சுமந்தாலும் ஆத்தா ஆத்தாதானே, அது அவனுக்குக் கழுத்து ஒடியச் சுமந்தப்புறந்தான் வெளங்குச்சு.

மாடத்தி கூடைய எறக்கிட்டா, நானும் கதைய எறக்கிட்டேன்.