வெடிக்க மறந்த காய்

காய்ந்த காய்க்குள் விதைகள் குலுங்கும் சத்தத்தைச் சிறு வயதில் கேட்டவர்கள் எளிதில் மறப்பதில்லை. மேட்டு நிலத்தில் காற்று திரும்பும் மாலையில், தூரத்தில் யாரோ கொலுசோடு நடந்து வருவதுபோல் கேட்கும். நின்று பார்த்தால் யாரும் வரமாட்டார்கள். இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி, மஞ்சள் பூவும் உலர்ந்த காயுமாக அசைந்துகொண்டிருக்கும். கிலுகிலுப்பைச் செடி.

ஆடும் செடியும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், அந்தச் செடிக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. காய் முற்றியதும் விதைகள் காம்பு விட்டு உள்ளே உருளும். அரைப் பொழுது அந்தச் சத்தம் கேட்கும். பிறகு காய் வெடித்து விதைகளை மண்ணில் எறிந்துவிடும். அந்த மேட்டில் ஆண்டுக்கு ஒரு மழைதான். மழை வரும் நாளில் விதை மண்ணில் கிடக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் முளைப்பு இல்லை.

அங்கே ஆட்டுக்கிடை போட்டிருந்தவள் இருளாயி. புருஷன் மந்தையை மலைப்பக்கம் ஓட்டிப் போய்விட்டால், சினையாடுகளுக்குத் துணையாக அவள் கிடையில் தங்குவாள். இரண்டு பிள்ளைகளை இழந்தவள். மூத்ததைத் தரையில் கிடத்தியிருந்தபோது பாம்பு தீண்டியது. அடுத்தது ஈரத்தரையில் கிடந்து குளிர்க்காய்ச்சல் கண்டது. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தபோது, அவளைத் தவிட்டுக்கு விற்று, அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கி, தவுட்டாள் என்று பெயர் வைத்தார்கள். மதிப்பில்லாத பண்டம் என்று எமன் விட்டுவிடுவானாம்.

பெயர் வைத்ததோடு இருளாயிக்கு மனம் ஆறவில்லை. பிள்ளையைத் தரையில் விடவே மாட்டேன் என்றாள். மடி, இடுப்பு, தூளி. தவுட்டாளின் முதுகு மண்ணைத் தொட்டதே இல்லை. அவள் சிணுங்கினால் கேட்டது கைக்கு வரும்; கேட்காததும் வரும்.

பல் முளைத்தது. கழுத்து நிற்கவில்லை. பிள்ளை கவிழவில்லை, கையூன்றவில்லை. தோளில் போட்டால் வாடிய கீரைக்கட்டுப்போல் தொங்கினாள்.

மேடே கூடி யோசித்தது. மயில் தன் இறகைக் கொண்டுவந்து தூளியில் கட்டியது. தவுட்டாளின் கண்கள் மட்டும் அதன் பின்னால் போயின. பனை ஒரு முற்றிய காயை உருட்டி விட்டது. அதை நகர்த்த ஒரு கிடாய் வேண்டியிருந்தது. குன்றிக்கொடி, "என் நிறத்துக்கு மயங்காத பிள்ளை உண்டா?" என்று சிவந்த மணிகளைக் கை நிறையக் கொட்டியது. தவுட்டாள் நேரே வாயில் போட்டாள். இருளாயி விரலை விட்டுத் தோண்டி எடுத்துவிட்டு, கொடியைப் பிடித்து உலுக்கினாள். "பிள்ளை கையில குடுக்கிற சாமானாடி இது? தொண்டையில சிக்குனா நீயா வந்து அழுவே?"

வெள்ளாடு சும்மா இருக்குமா? "என் குட்டி விழுந்த அன்னிக்கே எந்திரிச்சுத் துள்ளுது. உம் மக இன்னும் பிசைஞ்ச மாவு மாதிரி கெடக்கா. தவிட்டைக் குடுத்து வாங்கினியே, உமியும் கலந்து வந்திருச்சோ?"

இருளாயி முந்தானையால் பிள்ளையின் எச்சிலைத் துடைத்தாள்.

ஒரு காலையில் அந்த வெள்ளாட்டுக்கே பிரசவ வேதனை வந்தது. குட்டி குறுக்கே நின்றுவிட்டது. இரண்டு கையும் வேண்டும். தூளியோ தூரத்தில் இருந்தது. வேறு வழியில்லாமல் இருளாயி துணியை விரித்து, பிள்ளையை முதல்முறையாகத் தரையில் கவிழ்த்துப் போட்டாள். பக்கத்தில் அந்தச் செடி நின்றது. அதன் காய்கள் அன்றுதான் முற்றியிருந்தன. காற்று வந்தது. விதைகள் குலுங்கின.

தவுட்டாள் தலையைத் தூக்கினாள்.

தூக்கிய தலை ஆடியது, மூக்கு துணியில் இடித்தது. மறுபடி தூக்கினாள். செடி அதைப் பார்த்துவிட்டது.

குட்டியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்த இருளாயி, "என் தங்கமே, இதுவா வேணும்?" என்று கிளையை முறிக்கக் கை நீட்டினாள்.

"முறிக்காதே," என்றது செடி. "கையில குடுத்துக் குடுத்துத்தான் அவ கை வேலை மறந்துபோச்சு. நான் இங்கதான் நிக்கிறேன். அவ எட்டாத தூரத்துல போடு. அவ வரட்டும்."

"அழுவாளே!"

"அழுவா. பாம்பு வராம நீ பாத்துக்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"உன் காய் பொழுது சாய வெடிச்சிருமே. அப்புறம் எதைக் கேட்டு வருவா?"

செடி தன் காய்களைக் குனிந்து பார்த்தது. பிறகு, "இந்த முறை கொஞ்சம் பொறுக்கச் சொல்றேன்," என்றது.

அன்று மாலை அதன் காய்கள் வெடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. உள்ளேயிருந்து விதைகள் கேட்டன: "அம்மா, நேரமாச்சே?"

"இருங்க கண்ணுகளா. பாப்பா இப்பத்தான் கையூன்றுது."

காற்று வரும்போதெல்லாம் செடி குலுங்கியது. காற்று நின்றால் தானே தண்டை முறுக்கி அசைந்தது. தவுட்டாள் கையை ஊன்றினாள். ஒரு நாள் நெஞ்சைத் தூக்கினாள். பின்னொரு நாள் புரண்டு மல்லாந்து, தன் வேலையைக் கண்டு தானே திடுக்கிட்டு அழுதாள். இருளாயி ஒரு குச்சியோடு பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையைத் தூக்காமலிருக்கத் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளாடும் குட்டியோடு வந்து நின்று பார்த்தது, கேலி பேசவில்லை.

தவுட்டாள் முட்டி போட்டு முதலடி நகர்ந்த அன்று, மேற்கே மேகம் கறுத்தது.

"அம்மா, மண்வாசம் வருது. திற!"

செடிக்கும் வாசம் தெரிந்தது. ஆண்டுக்கு ஒரு மழை. திறந்தால் பிள்ளைகள் மண்ணுக்குப் போய்விடுவார்கள், சத்தம் நின்றுவிடும். பாதி வழியில் நிற்கிற குழந்தை அப்படியே படுத்துவிட்டால், மறுபடி எழுவாளா? செடி அவளைப் பார்த்தது. நாலு காலில் நின்று, உடம்பெல்லாம் நடுங்க, அவள் செடியைப் பார்த்தாள்.

செடி காய்களின் வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

மழை பெய்தது. இருளாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிடையோரத்து ஓலைக் கூண்டுக் குடிசைக்குள் ஓடினாள். இரவெல்லாம் காய்களுக்குள் விதைகள் முட்டின. மேட்டில் மற்ற விதைகளெல்லாம் நனைந்து ஊறின. விடிந்தபோது மழை போய்விட்டது.

வெயில் திரும்பியது. ஈரம் காய்ந்ததும் தவுட்டாள் மிச்ச தூரத்தையும் தவழ்ந்து முடித்தாள். செடியின் தண்டைப் பிடித்தாள். ஒரு முட்டியை எடுத்துப் பாதத்தை ஊன்றினாள், பிறகு அடுத்ததை. அவள் பாரம் முழுவதையும் செடி தாங்கியது, வேர் அசைந்தது. நின்றுவிட்டாள்! இருளாயி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"போதும்," என்றது செடி. "இனி நீங்க போகலாம் கண்ணுகளா." காய்களைத் திறக்கப் பார்த்தது. வாய் திறக்கவில்லை. இறுக்கிப் பிடித்திருந்த இடம் மழையில் ஊறி வெயிலில் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. மறுபடி முயன்றது. உள்ளே விதைகள் தட்டிக்கொண்டே இருந்தன. எப்படி வெடிப்பது என்பது அதற்கு மறந்துவிட்டது. அதன்பின் அது யாரோடும் பேசவில்லை.

தவுட்டாள் ஒரு கொத்துக் காயைப் பறித்து ஆட்டினாள். சத்தம் கேட்டுச் சிரித்தாள். அவள் கேட்டுச் சிரித்தது கதவு தட்டும் சத்தம்.

அன்று முதல்தான் கிலுகிலுப்பைக் காய் தன் நேரத்தில் வெடிப்பதில்லை. யாராவது உடைக்கும்வரை விதைகள் உள்ளேயே கிடந்து தட்டுகின்றன. அன்று முதல்தான் தாய்மார்கள் பிள்ளைக்கு முதலில் கிலுகிலுப்பை வாங்குகிறார்கள், பிஞ்சுக் கை பிடிக்கும் கனத்தில், வாயில் போக முடியாத அளவில். அதையும் கையில் கொடுக்காமல் எட்டாத தூரத்தில் வைத்து ஆட்டிக் காட்டுகிறார்கள்.

தவுட்டாள் அந்தக் கொத்தை ஆட்டிக்கொண்டே கிடையோடு மலையைத் தாண்டி நடந்தாள். அவள் கையிலிருந்து விழுந்து மிதிபட்ட காய்களிலிருந்து வழியெல்லாம் பின்னாளில் செடிகள் முளைத்தன. தாய்ச்செடி நின்ற இடத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. அதன் காய்ந்த தண்டை, கிடை கிளம்பிய காலையில், இருளாயி அடுப்பில் வைத்துப் பிள்ளைக்குக் கூழ் காய்ச்சினாள்.