தண்ணீரோடு இறங்கியவர்

மலைமேல் இருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு ஒரே ஒரு சாலைதான். அதன் கொண்டை ஊசி வளைவை இரண்டாவது முறையாக மழை அரித்துக்கொண்டு போயிருந்தது.

மணிவாசகன் அறுந்த விளிம்பில் நின்று கீழே பார்த்தார். அவர் போட்ட சாலையின் மண் முழுவதும் அடிவாரத்து ஓடையில் கிடந்தது. ஓடைக்கரையில் ஒரு பெண் வெறுங்குடத்தோடு நின்றிருந்தாள். அவருக்கு முகம் சுட்டது.

சமவெளியில் நெடுஞ்சாலைகள் போட்டே தலை நரைத்த பொறியாளர் அவர். மலைச்சாலை பிடிபடவில்லை என்று ஒப்புக்கொண்டு, தன்னைவிட இளையவரான ஜெயசீலியிடம் கற்றுக்கொள்ள வந்திருந்தார். ஜெயசீலி பல மலைகளில் சுரங்கப் பாதை அமைத்தவர். அதிகம் பேசமாட்டார்.

"போன வருஷத்தைவிட ரெண்டு மடங்கு அகலமா வாய்க்கால் வெட்டினேன் மேடம். இன்னும் எவ்வளவு பெருசா வெட்டணும்?"

ஜெயசீலி அவரை உச்சிவரை நடத்திக் கூட்டிப்போனார். புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் லாரி அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தது. அதன் குழாயைச் சாலையோர வாய்க்காலுக்குள் திறந்துவிடச் சொன்னார்.

"தண்ணியோட தலையை விடாம, கூடவே நடந்து போங்க."

மணிவாசகன் நடந்தார். முதலில் ஊர்வலத்தில் போவதுபோல் நிதானமாக நடக்க முடிந்தது. பிறகு காலை எட்டிப் போட வேண்டியிருந்தது. பிறகு ஓட்டம். வளைவு வந்தபோது கால் நிற்கவில்லை. ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றார். தண்ணீர் அவரைத் தாண்டிப் பள்ளத்தில் பாய்ந்தது.

ஜெயசீலி மெதுவாக வந்து சேர்ந்தார். மணிவாசகனுக்கு மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார்.

"எந்த இடத்துல ஓட ஆரம்பிச்சீங்க?"

"கவனிக்கலையே மேடம்."

"மறுபடி போங்க."

மறுபடி ஏறினார். இந்தமுறை தன் காலையே பார்த்துக்கொண்டு இறங்கினார். நடை ஓட்டமாக மாறிய இடத்தில் நின்று கத்தினார்.

"இங்கதான்!"

ஜெயசீலி அங்கே ஒரு முளைக்குச்சி அடித்தார். "ரோட்டுக்கு அடியில குழாய் போட்டு, வேகம் பிடிக்கறதுக்குள்ள தண்ணியை இங்கயே காட்டுப் பக்கம் வெளியே விடுங்க. விழற இடத்துல மண் பறியாம கல்லைப் பரப்புங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இங்கேருந்து நடங்க."

சுரங்கக் குழியில் தேங்கிய நீரை லாரி மறுபடி மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தது. மணிவாசகனின் முழங்கால் வீங்கியது. சரிவு கூடிய இடங்களில் குச்சிகள் நெருங்கி விழுந்தன, குறைந்த இடங்களில் தள்ளி விழுந்தன. வளைவைக் கல்லடுக்கித் தூக்கிய பிறகு, அதற்குக் கீழேயும் நடந்தார்.

ஐப்பசி நெருங்கியது. சுரங்க மேலாளர் புண்ணியகோடி வந்து பார்த்தார்.

"இத்தனை குழாயா? வளைவு வரைக்கும் போட்டுட்டு ரோட்டைத் திறங்க சார். மிச்சத்தைத் தை மாசம் பாத்துக்கலாம்."

மணிவாசகன் ஜெயசீலியைப் பார்த்தார். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளைவுக்குக் கீழேயும் தண்ணி ஓடும் சார்," என்றார் மணிவாசகன். "கடைசிக் குழாய் விழற வரைக்கும் இதுல கல் லாரி ஓடாது. வேற ஆளை வெச்சுத் திறக்கறதுன்னா திறங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"இத்தனை செஞ்சும் நாளைக்கு ரோடு போச்சுன்னா?"

"என் தலையில போடுங்க."

புண்ணியகோடி முறைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். வேறு ஆள் தேட அவருக்கும் நாளில்லை.

கடைசிக் குழாயை மண் மூடிய அன்று மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. மணிவாசகன் குடையைக் கடாசிவிட்டு உச்சியிலிருந்து இறங்கினார். ஒரு குழாயின் வாயைச் சருகும் கிளையும் அடைத்திருந்தன. தண்ணீர் சாலைமேல் ஏறப் பார்த்தது. வாய்க்காலில் குதித்து இரு கையாலும் வாரி எறிந்தார். குழாய் கடகடவென்று நீரை விழுங்கியது. விரல்களில் ரத்தம். அடுத்த குழாய்க்குப் போனார். அதற்கும் அடுத்ததற்குப் போனார்.

மழை ஓய்ந்தபோது வளைவு நின்றிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் மண் சரிந்திருந்தது, அவ்வளவுதான். கீழே ஓடை கலங்கியிருந்தது. ஆனால் சேறு இறங்கவில்லை.

நனைந்தபடியே ஜெயசீலி வந்தார்.

"மேடம், மழையை ஜெயிச்சிட்டோம்!" மணிவாசகன் கத்தினார்.

"அது பாட்டுக்கு இறங்கிப் போயிடுச்சு," என்றார் ஜெயசீலி. "குழாய் வாயெல்லாம் அள்ளணும், மண்வெட்டியை எடுத்துக்குங்க. நாம ஏறுவோம்."